ஊர்த் தியேட்டரின் வரலாற்றை எழுதுவது எப்படி: கட்டடம், ஆட்கள், காகிதம்

"இந்தத் தியேட்டர் எந்த வருஷம் கட்டினது?" என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். வருஷம் வராது, படத்தின் பெயர்தான் வரும். "மொதமொதல்ல அந்தப் படம்தான் ஓட்டுனாங்க" என்பார்கள். உடனே அந்தப் படம் வெளியான ஆண்டைத் தேடி, அதையே தியேட்டர் திறந்த ஆண்டாக எழுதிவிடுகிறோம். ஊர்த் தியேட்டர் வரலாறுகளில் பாதி கெடுவது இந்த இடத்தில்தான்.

பிலிம் காலத்தில் ஒரு படத்துக்குப் போடும் பிரதிகள் கொஞ்சம். மதுரை, கோவை, திருச்சி, சேலம் மாதிரி பெரிய ஊர்களான ஏ சென்டர்களில் ஓடி முடித்த படப்பெட்டிதான் அடுத்த நிலை ஊர்களான பி சென்டருக்குப் போகும், பிறகு சின்ன ஊர்களான சி சென்டருக்கு இறங்கும். கடைசியாக உங்கள் ஊருக்கு வரும்போது மாதங்கள் போயிருக்கும், சில நேரம் வருஷமே திரும்பியிருக்கும். பழைய படத்தைப் போட்டே திறந்த தியேட்டர்களும் உண்டு. ஆகவே படத்தின் பெயர் தருவது ஒரே ஒரு செய்தி: "அந்த ஆண்டுக்கு முன்னால் இது நடந்திருக்க முடியாது." அதற்கு மேல் அதிலிருந்து எதையும் உருவ வேண்டாம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். பலரும் முதலில் அலுவலகங்களுக்கு அலைகிறார்கள். நாங்கள் சொல்வது நேர் எதிர். முதலில் கட்டடம், அடுத்து ஆட்கள், கடைசியில் காகிதம். காகிதம் ஆறு மாதம் காத்திருக்கும். படம் ஓட்டிய எண்பது வயது ஆபரேட்டர் காத்திருப்பார் என்று சொல்ல முடியாது. மூடிக் கிடக்கும் தியேட்டரோ, விலை படிந்த அடுத்த வாரமே ஜேசிபி வந்து நிற்கும் இடம்.

கட்டடத்தைப் படிப்பது

கையில் 30 மீட்டர் டேப், நல்ல டார்ச், கட்டம் போட்ட நோட்டு, போன், மாஸ்க், கனமான செருப்பு. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். பால்கனி மரப்படியும் ஃபால்ஸ் சீலிங்கும் எப்போது விடும் என்று தெரியாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதன் தூளைக் கிளப்பாதீர்கள், மூச்சுக்கு ஆகாது. அளவுகளை அடியிலும் எழுதுங்கள். பழைய பிளான் அடிக்கணக்கில்தான் இருக்கும், பின்னால் ஒப்பிட வசதி.

முகப்பில் தொடங்குங்கள். சிமெண்டில் புடைத்த பெயரும் ஆண்டும் இருக்கலாம். அவற்றின் மேல் பத்துத் தடவை வெள்ளையடித்திருப்பார்கள். சுரண்டாதீர்கள். சாயங்கால வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் நேரத்தில், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். மறைந்த எழுத்தின் விளிம்பு நிழலாக எழும். அங்கே விக்ருதி, துர்முகி என்று தமிழ் ஆண்டு இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சியில் கணக்குப் போட வேண்டும். விக்ருதி என்றால் 1950-51, துர்முகி என்றால் 1956-57. சித்திரையில் பிறக்கும் ஆண்டு என்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். முகப்பு ஆண்டு முகப்பின் ஆண்டு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். கூரைக் கொட்டகையாகப் பத்து வருஷம் ஓடிவிட்டுப் பிறகு முகப்புக் கட்டிய தியேட்டர்கள் நிறைய. பெயரில் 'டாக்கீஸ்' இருந்தால் பேசும் படத்துக்குப் பிற்பட்ட பெயர். தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-ல்.

கட்டடத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கேபின். ஆபரேட்டர் அறையின் முன்சுவர் ஓட்டைகளை முதலில் எண்ணுங்கள். ஒரு மெஷினுக்கு, அதாவது புரொஜக்டருக்கு, இரண்டு ஓட்டை: ஒன்று ஒளி போக, இன்னொன்று ஆபரேட்டர் திரையைப் பார்க்க. ஸ்லைடு போட இன்னொன்றும் இருக்கலாம். நான்கு ஓட்டை ஒரே பூச்சில் இருந்தால் ஆரம்பத்திலிருந்தே இரட்டை மெஷின். இரண்டு ஒரு பூச்சிலும் மற்ற இரண்டு வேறு பூச்சிலும் இருந்தால், ஒற்றை மெஷினில் தொடங்கி வசதி வந்தபின் இரண்டாவது வாங்கியிருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடி ரீல் 22 நிமிஷம் வரும். 16,000 அடிப் படத்துக்கு எட்டு ரீல், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இரண்டு மெஷின் இருந்தால் ஒன்று முடியும்போது மற்றது தொடரும், பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே மெஷின் என்றால் ரீல் மாற்ற நிறுத்தியே ஆகவேண்டும். டூரிங் டாக்கீஸில் நாலைந்து இடைவேளை விட்டதாகப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். சுவரில் இருக்கும் பூச்சும் பெரியவரின் பேச்சும் இப்படி ஒன்றையொன்று தாங்கும்போதுதான் எழுதத் துணிவு வரும்.

ஓட்டைகளுக்கு மேல் இரும்புத் தகடு சறுக்கும் காடி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணைக்க முடியாது. சூட்டில் உருகும் சிறு உலோகக் கண்ணியில் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தீ பற்றினால் கண்ணி உருகித் தகடு விழும், தீ கொட்டகைக்குள் போகாது. 1950-களின் தொடக்கத்தில் எளிதில் தீப்பற்றாத பிலிம் வந்துவிட்டாலும் இந்த ஏற்பாட்டை விதிகள் விடவில்லை. எனவே தகடு இருப்பதை மட்டும் வைத்து நைட்ரேட் காலத்துத் தியேட்டர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேபின் கூரையில் வட்ட ஓட்டையோ தகரக் குழாயோ இருந்தால், மெஷின் விளக்கின் புகையும் சூடும் போன வழி. பழைய தியேட்டர்கள் பெரும்பாலும் கார்பன் குச்சிகளை எரித்து ஒளி தரும் விளக்கில்தான் தொடங்கின, செனான் விளக்கு பிறகு வந்தது. கார்பனுக்கு டிசி மின்சாரம் வேண்டும். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் நின்ற மேடையும் தடித்த கேபிள் போன பள்ளமும் தரையில் தெரியும். மெஷினே மிஞ்சியிருந்தால் அதன் பித்தளைத் தகட்டில் உள்ள கம்பெனி பெயர், மாடல், வரிசை எண் மூன்றையும் படமெடுங்கள். அந்தத் தகட்டை வைத்துத் தியேட்டருக்கு வயது சொல்லாதீர்கள். பெரிய ஊரில் ஓய்ந்த மெஷினைச் சின்ன ஊர்க்காரர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியது சாதாரணம்.

அறையை விட்டு இறங்குமுன் கேபின் சுவர்களை அங்குலம் அங்குலமாகப் படமெடுங்கள். ரீவைண்டர் மேஜைக்கு மேல், ஸ்விட்ச் போர்டின் பக்கம், கதவின் உட்புறம் என்று பென்சிலில் குறித்திருப்பார்கள்: படப் பெயர், தேதி, எத்தனை ரீல், எந்த ரீலில் ஒட்டு (அறுந்த பிலிமை ஒட்டிய இடம்), கார்பன் கட்டு எத்தனை மிச்சம். "8 ரீல், 6-ல் ஒட்டு 3" என்று ஒரு வரி கிடைத்தாலே அந்தப் பிரதி எவ்வளவு அடிபட்டு இந்த ஊருக்கு வந்தது என்று தெரிந்துவிடும். ஒரு வெள்ளையடிப்பில் அழிந்துபோகக் கூடிய ஆவணம் இது. வேறெந்த அலுவலகத்திலும் நகல் இல்லை.

திரைச் சுவருக்கு வாருங்கள். பழைய திரை கிட்டத்தட்டச் சதுரத்துக்குப் பக்கம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. அகலத் திரையான சினிமாஸ்கோப்புக்கு 2.35. பழைய திரை 15 அடி உயரம் என்றால் அகலம் இருபதரை அடி. அதே உயரத்தில் ஸ்கோப் காட்ட 35 அடி வேண்டும், அத்தனை அகலம் சின்ன ஊர்க் கொட்டகையில் ஏது? இரண்டில் ஒன்று செய்தார்கள். மேடை வளைவை இருபுறமும் இடித்து அகலப்படுத்தினார்கள், அல்லது உயரத்தைக் குறைத்தார்கள். 26 அடி அகலம்தான் கிடைத்தது என்றால் படம் 11 அடி உயரத்துக்குச் சுருங்கும். இடித்த வளைவின் செங்கல் முனையும் பழைய சட்டத்தின் ஆணித் துளைகளும் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்தது. தமிழ்ப் படம் மட்டுமே ஓட்டிய ஊரில் இந்த இடிப்பு வேலையை அதற்கு முன்னால் வைக்கக் காரணம் இல்லை.

தரையில் பெஞ்சுக் கால்களை அறுத்த போல்ட் தழும்புகளை எண்ணினால் பழைய வரிசைகள் கிடைக்கும். முன்பகுதி மணல் தரையாக இருந்து பிறகு சிமெண்ட் போட்டதா என்று விளிம்பில் தெரியும். பெண்கள் பகுதியைப் பிரித்த குட்டைச் சுவரின் அடித்தடம், அவர்களுக்கென்று தனி வாசல், தனி கவுண்டர் இருந்தனவா என்றும் பாருங்கள். ஊரின் சமூக வரலாறு அந்த அடித்தடத்தில் கிடக்கிறது. எழுதும்போது அதைக் கடந்துபோக வேண்டாம்.

கூரை ஓட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பேசல் மிஷன் ஓட்டில் 1865 என்று அச்சு இருக்கும். அது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, உங்கள் தியேட்டருடையது அல்ல. ஓடும் இரும்பு உத்திரமும் இடம் மாறி மாறிப் பயன்படும் பொருள்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

பின்பக்கம் தனியாக ஒரு சிறு அறையும், தரையில் போல்ட் நீட்டிய கான்கிரீட் மேடையும் இருந்தால் எஞ்சின் ரூம். மின்சாரம் ஊருக்கு வருமுன் ஆயில் எஞ்சினில் ஓடியிருக்கலாம், வந்த பிறகு மின்வெட்டுக்கு வைத்ததாகவும் இருக்கலாம். பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944 என்று நீர்மின் நிலையங்கள் வந்த வரிசையில் கோவை, சேலம், நெல்லைப் பக்கத்துப் பல ஊர்களுக்கு விளக்கு வந்தது. ஊருக்கு லைன் வந்த ஆண்டு தெரிந்தால் எஞ்சினின் கதை பிடிபடும்.

ஆட்களிடம் கேட்பது

முதலாளி குடும்பத்தில் தொடங்காதீர்கள். ஆபரேட்டர், அவருக்குக் கையாளாக இருந்தவர், டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், பஸ் ஸ்டாண்டிலிருந்து படப்பெட்டி கொண்டுவந்தவர், சைக்கிள் ஸ்டாண்டும் கேண்டீனும் குத்தகை எடுத்தவர்கள். இவர்களுக்குத் தெரிந்தது அன்றாடம். முதலாளி வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் திறப்பு விழாவும் எந்த நடிகர் வந்தார் என்பதும்தான்.

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் வரும், ஆனால் அது ஊகம். இப்படிக் கேளுங்கள்: "நீங்க வேலைக்குச் சேரும்போது உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாய்யா?" "தரை டிக்கெட் அணாவா, நயா பைசாவா?" "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப கூரை இருந்துச்சா, ஓடு போட்டாச்சா?" "எம்.ஜி.ஆர். இறந்த அன்னிக்கு எந்த மேனேஜர் ஷோவை நிறுத்தினார்?" தசம நாணயம் 1957 ஏப்ரல் 1-ல் வந்தது, 'நயா' என்ற சொல் 1964-ல் போனது. புயல் 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24. இந்த முளைகளில் கட்டினால் நினைவு நகராமல் நிற்கும். திருச்சிப் பக்கம் என்றால் 1977 வெள்ளம் நல்ல முளை.

ஒரே செய்தியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். டீக்கடையில் மூவரையும் சேர்த்து உட்கார வைத்தால், குரல் பெரியவர் சொன்னதை மற்ற இருவரும் ஒத்துக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரு சாட்சிதான் மிஞ்சும். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தவறாமல் கேட்க வேண்டிய இன்னொன்று: நிலம் யாருடையது, கட்டடம் யாருடையது, உரிமம் யார் பெயரில், லீசுக்கு எடுத்து நடத்தியது யார்? நான்கும் நான்கு பேராக இருப்பது சகஜம். கோயில் நிலத்தில் ஒருவர் கட்டி, இன்னொருவர் பெயரில் லைசென்ஸ் எடுத்து, மூன்றாமவர் நடத்தியிருப்பார். "இன்னார் தியேட்டர்" என்று ஊர் சொல்லும் பெயர் இந்த நால்வரில் யாருடையதும் ஆகலாம்.

பேசி முடித்ததும் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆபரேட்டர் உரிமப் புத்தகம், பிட் நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, தினசரி வசூல் அறிக்கை நகல், மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ரசீது. அந்த நிறுவனம் 1948-ல் தொடங்கியது. அதன் ரசீதில் தியேட்டர் பெயரும் தேதியும் சேர்ந்தே இருக்கும். லெட்டர் பேடில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சடித்தது. 'மதராஸ் மாநிலம்' என்றிருந்தால் அச்சான காலம் 1969-க்கு முன்.

காகிதம்

முதல் தேவை சர்வே எண். நகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண். பழைய சர்வே எண் எது புதிதாக எதுவாயிற்று என்ற ஒப்பீட்டைத் தாலுகா அலுவலகத்தில் வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பழைய பத்திரம் பழைய எண்ணில்தான் இருக்கும். புதிய எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் "வில்லங்கம் ஏதுமில்லை" என்று சான்று வரும், நீங்களும் பத்திரமே இல்லை என்று நம்பிவிடுவீர்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். சொத்தின் எண்ணை வைத்தும் ஆளின் பெயரை வைத்தும் இரண்டு அட்டவணைகள் உண்டு, இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். லீசு ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் நடத்தியவர்களின் வரிசை அப்படியே கிடைக்கும்.

அடுத்தது உரிமக் கோப்பு. இதுதான் புதையல். 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957-ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி மாவட்டங்களில் உரிமம் தந்தவர் கலெக்டர். முதலில் இடத்துக்கு ஆட்சேபனையின்மைச் சான்று, பிறகு கட்டுமானம், பிறகு பொதுப்பணித் துறையின் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, கடைசியில் சி படிவ உரிமம். கோப்பு தப்பியிருந்தால் வரைபடமும், வகுப்புவாரி இருக்கை எண்ணிக்கையும், பக்கத்தார் எழுதிய ஆட்சேப மனுக்களும் அதில் கிடக்கும். டூரிங், அரை நிரந்தரம், நிரந்தரம் என்ற வகையும் தெரியும். கொட்டகை எப்போது தியேட்டர் ஆயிற்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "தியேட்டரின் வரலாறு என்ன?" என்று எழுதினால் "அவ்வாறான தகவல் இல்லை" என்று 30 நாளில் பதில் வரும். "இன்ன ஊர், இன்ன சர்வே எண்ணில் இயங்கிய இன்ன பெயருடைய தியேட்டருக்கு வழங்கிய சி படிவ உரிமங்களின் நகல்கள், புதுப்பித்தல் பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்கள், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. கோப்பு அழிக்கப்பட்டதாகப் பதில் வந்தால் அழித்த பதிவேட்டின் பக்கத்தைக் கேளுங்கள். அதிலும் கோப்பு எண்ணும் ஆண்டும் இருக்கும். மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எந்தக் கலெக்டர் அலுவலகம் என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். மாவட்டம் பிரிந்தால் பழைய கோப்பு பழைய தலைநகரிலேயே தங்கியிருக்கலாம். தர்மபுரிக்காரர் 1965-க்கு முந்தையதைச் சேலத்தில் தேட வேண்டும். ஈரோட்டுக்கு 1979-க்கு முன் கோவை, திண்டுக்கல்லுக்கு 1985-க்கு முன் மதுரை, சிவகங்கைக்கும் விருதுநகருக்கும் அதே ஆண்டுக்கு முன் ராமநாதபுரம், தூத்துக்குடிக்கு 1986-க்கு முன் திருநெல்வேலி. இரண்டு இடத்துக்கும் மனுப் போடுங்கள்.

சொத்துவரிப் பதிவேட்டில் வரி திடீரென்று ஏறிய ஆண்டைப் பாருங்கள், பால்கனியோ புதுக் கட்டடமோ வந்த ஆண்டாக அது இருக்கலாம். நாளிதழ்களில் வெள்ளிக்கிழமை, தீபாவளி, பொங்கல் பட விளம்பரங்களின் அடியில் ஊர்வாரியாகத் தியேட்டர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் வரும் முதல் விளம்பரத்தைப் பிடித்தால், தியேட்டர் அந்தத் தேதியில் ஓடிக்கொண்டிருந்தது என்பது உறுதி. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். தெருப் பெயரையும் விடாதீர்கள். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் பிறகு டிலைட் என்று பெயர் மாறியது. சாலையோ இன்றும் வெரைட்டி ஹால் சாலைதான்.

எழுதும்போது

'தொடங்கிய ஆண்டு' என்று ஒன்றை எழுதாதீர்கள். நிலம் வாங்கியது, ஆட்சேபனையின்மைச் சான்று, முதல் உரிமம், முதல் காட்சி, கூரை மாறியது, ஸ்கோப் திரை, டிஜிட்டல், கடைசிக் காட்சி, இடிப்பு என்று தனித்தனித் தேதிகளாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: பத்திரம், சுவர், ஆள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகத்தால் அடைக்காதீர்கள். 'மாவட்டத்திலேயே பெரியது', 'முதல் ஏசி' மாதிரி ஊர்ப் பெருமையை அப்படியே ஏற்காமல், உரிமத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையைப் போடுங்கள்.

கிடைத்த டிக்கெட்டையும் நோட்டீஸையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, பழைய காகிதம் உள்ளேயே பழுக்கும். செலோடேப்பும் வேண்டாம். இருபுறமும் ஸ்கேன் செய்து, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலில் யார் தந்தது, என்று தந்தது என்று எழுதுங்கள். ஸ்கேன் நகல்களில் ஒரு தொகுப்பை ஊர் நூலகத்துக்கும் இன்னொன்றைக் கொடுத்தவர் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.